தொகுதிக்கு ஒருவர் என்பது திருகோணமலைக்கு நீதியாகாது

விகிதாசாரத் தேர்தல் முறைதான் இலங்கைப் பாராளுமன்றத்தைக் கெடுத்தது என்ற பேச்சுக்குக் கட்சி பேதம் கிடையாது. ஆளுங்கட்சி மேடையிலும் எதிர்க்கட்சி மேடையிலும், பத்திரிகைத் தலையங்கங்களிலும், பஸ் தரிப்பிடத்துப் பேச்சிலும் அதைக் கேட்கலாம். சொல்லப்படும் காரணங்களும் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. முன்பு தொகுதிக்கு ஒரு எம்.பி. இருந்தார், அவரை மக்களுக்குத் தெரியும், மக்களை அவருக்குத் தெரியும். இன்று மாவட்டம் முழுவதும் அலைந்து விருப்பு வாக்குச் சேர்க்கக் கோடிக்கணக்கில் செலவழிப்பவர், வென்றதும் போட்ட முதலை எடுக்கப் பார்க்கிறார். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் சிறு கட்சிகளின் தயவில் அரசாங்கம் ஓடுகிறது. ஆகவே பழைய தொகுதி முறைக்குத் திரும்ப வேண்டும், முழுதாக முடியாவிட்டால் பெரும்பகுதியாவது தொகுதியாக இருக்கவேண்டும் என்று முடிக்கிறார்கள். 2003 இல் தினேஷ் குணவர்தன தலைமையில் அமைந்த பாராளுமன்றத் தெரிவுக்குழு தொடக்கம், 160 பேரைத் தொகுதிகளிலிருந்தும் 65 பேரை விகிதாசாரத்திலும் தெரிவுசெய்ய 2024 இன் ஆரம்பத்தில் அமைச்சரவை அங்கீகரித்த யோசனை வரை, இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட சீர்திருத்தத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையின் மேல்தான் எழுப்பப்பட்டவை. இந்த நம்பிக்கை பிழையானது. நாடு முழுவதற்கும் பிழையானது; திருகோணமலை போன்ற மாவட்டத்துக்கு ஆபத்தானதும்கூட.

திருகோணமலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 பேர் அளவில், தமிழர் 31 பேர் அளவில், சிங்களவர் 27 பேர் அளவில். எவருக்கும் இங்கே பெரும்பான்மை இல்லை. மூன்று சமூகங்களும் ஆளுக்கொரு மூலையில் குவிந்து வாழ்ந்திருந்தால் தொகுதி பிரிப்பது இலகுவாக இருந்திருக்கும். அப்படி அவர்கள் வாழவில்லை. பட்டினத்திலிருந்து சீனக்குடா வழியாகக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, உப்பாறும் கங்கையும் கடந்து மூதூர் போகும் வீதி கொட்டியாரக் குடாவைச் சுற்றி வளைகிறது. மூதூர்ப் பட்டினத்தில் முஸ்லிம்கள். அதற்குக் கிழக்கே கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் என்று தமிழ்க் கிராமங்கள். தெற்கே இறங்கினால் முஸ்லிம்களின் தோப்பூர், சற்று அப்பால் தமிழரின் கிளிவெட்டி, அதற்கும் அப்பால் சேருவிலைச் சிங்களக் குடியேற்றங்கள். வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று போனாலும் இதே கலப்பு வேறு விகிதத்தில் இருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் பாங்கொலி அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கேட்கும் மண்ணில், எங்கே கோடு போட்டாலும் அது யாரோ ஒரு சாராரை அடுத்தவரின் தொகுதிக்குள் நிரந்தரச் சிறுபான்மையாக அடைத்துவிடும். தொகுதி முறையை விரும்புவோர் இந்த உண்மையோடு மல்லுக்கட்டாமலே தங்கள் வாதத்தை நடத்திவிடுகிறார்கள்.

இது வெறும் ஊகம் என்று எவரும் சொல்ல முடியாதபடி இந்த மாவட்டத்தின் தேர்தல் வரலாறே சாட்சியாக நிற்கிறது. 1947 இல் இங்கே திருகோணமலை, மூதூர் என்று இரண்டு தொகுதிகள். திருகோணமலைத் தொகுதியைத் தமிழரசுக் கட்சியின் இராஜவரோதயம் 1952 முதல் 1963 இல் இறக்கும் வரை வைத்திருந்தார். மூதூரின் கதைதான் நம் கவனத்துக்குரியது. அங்கே முஸ்லிம்களும் தமிழரும் பெருந்தொகையாகக் கலந்து வாழ்ந்ததால், ஒருவரை மட்டும் தெரிவுசெய்வது மற்றவருக்கு அநீதி என்று உணரப்பட்டது. சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கும்பொருட்டுப் பல அங்கத்தவர் தொகுதிகளை அமைக்க சோல்பரி அரசியலமைப்பு இடம் கொடுத்திருந்தது; அந்த ஏற்பாட்டின்படி 1960 முதல் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. 1970 இல் அங்கிருந்து ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் தங்கத்துரையும் சேர்ந்தே பாராளுமன்றம் போனார்கள். விகிதாசாரம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அதன் சாரம் அங்கே இருந்தது: ஒரே நிலத்தில் வாழும் இரு சாராரும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்காமலே வெல்ல முடிந்தது.

பிறகு 1976 இன் எல்லை நிர்ணயம் வந்தது. சேருவிலை என்ற புதிய தொகுதி பிறந்தது. மூதூர் ஒற்றை அங்கத்தவர் தொகுதியாகச் சுருங்கியது. 1977 தேர்தலில் திருகோணமலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சம்பந்தனும், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் மஹ்ரூஃபும், சேருவிலையில் அதே கட்சியின் லீலாரத்னவும் வென்றார்கள். சிங்கள மக்களுக்கு ஓர் ஆசனம் கிடைத்ததில் எனக்கு மறுப்பில்லை. 1881 இல் இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தவர்கள், அல்லை, கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்களுக்குப் பின் 1981 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அந்தக் குடியேற்றங்களை அரசு என்ன நோக்கத்தோடு நடத்தியது என்பது வேறு வழக்கு. அங்கே பிறந்து வளர்ந்த உழவனுக்கு வாக்கும் பிரதிநிதியும் வேண்டும் என்பதில் வழக்கில்லை. நான் சுட்டுவது வேறு. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வாழ்ந்த தமிழரின் ஆசனம் ஒரு தேர்தல் தோல்வியால் போகவில்லை. அவர்களில் ஒருவர்கூட மனம் மாறி வேறு கட்சிக்கு வாக்களித்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் மாறியது, ஆசனம் போயிற்று. அதேபோல் திருகோணமலைத் தொகுதிக்குள் அகப்பட்ட முஸ்லிம்களின் வாக்கும் சிங்களவரின் வாக்கும் எண்ணப்பட்டன, ஆனால் எவரையும் தெரிவுசெய்யவில்லை. தொகுதி முறையில் முதல் வாக்கை அளிப்பவர் எல்லைக்கோடு வரைபவர். மக்கள் அளிப்பது இரண்டாவது வாக்கு.

நாடு முழுவதும் பார்த்தால் அந்த முதல் வாக்கின் கனம் இன்னும் துலங்கும். 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947 இல் அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள். 1952 இல் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆனால் தொகுதி பிரிப்பதற்கான 75,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வாக்கில்லாத அந்த மக்களும் தலையெண்ணப்பட்டார்கள். அவர்கள் தலையால் கூடிய தொகுதிகளில் வாக்களித்தவர்கள் வேறு ஆட்கள். மலையகத்திலிருந்து மீண்டும் ஒருவர் தெரிவாகி வர 1977 வரை செல்ல வேண்டியிருந்தது. அப்போதும் தொண்டமான் வென்றது நுவரெலியா மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தவர் தொகுதியில், மூன்றாமவராக. ஒற்றை அங்கத்தவர் தொகுதி தராததைப் பல அங்கத்தவர் தொகுதிதான் மூதூரிலும் மலையகத்திலும் தந்தது.

இனி வாக்கும் ஆசனமும் எவ்வளவு பொருந்தின என்று பார்ப்போம். 1956 இல் மக்கள் ஐக்கிய முன்னணி நூற்றுக்கு 40 வாக்குக்கூடப் பெறவில்லை. 95 ஆசனங்களில் 51 கிடைத்தன. தனிச்சிங்களச் சட்டம் அந்தப் பெரும்பான்மையின் முதல் விளைவு. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 37.9 வாக்குப் பெற்று 17 ஆசனத்தோடு நின்றது. அதைவிடச் சற்றுக் குறைவாக 36.9 பெற்ற சுதந்திரக் கட்சி 91 ஆசனம் பெற்றது. அந்தச் சபைதான் 1972 அரசியலமைப்பைச் செய்தது. 1977 இல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது: ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்கில் பாதிக்குச் சற்றுக் கூட, சபையில் 168 இல் 140. நூற்றுக்கு 30 அளவில் வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8. இது இலங்கைக்கு மட்டும் வந்த விபத்தும் இல்லை. தமிழ்நாட்டில் 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. நூற்றுக்கு 44 வாக்கோடு 39 இல் 37 ஐ அள்ளியது. நூற்றுக்கு 23 க்கு மேல் வாக்குப் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் ஆசனமும் இல்லை. பிரித்தானியாவில் 2024 இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு 650 இல் 411 ஆசனங்களைப் பெற்றது. முறை வேலை செய்யும் விதமே இது. பழுது என்று சொல்லித் திருத்திவிடக்கூடிய ஒன்று இதில் இல்லை.

இன்றைய முறை திருகோணமலையில் எப்படி இயங்குகிறது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டே பார்க்கலாம். இதைச் செய்யாமல் முறையைத் திட்டுபவர்கள்தான் அதிகம். மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். நூற்றுக்கு 5 வாக்குக்குக் குறைந்த கட்சிகளும் குழுக்களும் முதலில் கழிக்கப்படும். முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். எஞ்சியவர்களின் மொத்த வாக்கை மீதி 3 ஆல் வகுத்து, வரும் எண்ணுக்கு எத்தனை முறை ஒரு கட்சியின் வாக்கு ஈடாகிறதோ அத்தனை ஆசனம். பிறகு மிச்ச வாக்கு அதிகமாக உள்ளவர்களுக்கு மிச்ச ஆசனம். 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058, தமிழரசுக் கட்சி 34,168. கூட்டினால் 174,257, மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 58,086. தேசிய மக்கள் சக்திக்குப் போனஸ் ஒன்று, முழு ஈடு ஒன்று. மற்ற இருவரும் முழு ஈட்டைத் தொடவில்லை, ஆனால் மிச்ச வாக்கில் அவர்களே முன்னால் நின்றார்கள். முடிவு 2, 1, 1. மூன்று தொகுதிகளாக இதே வாக்குகள் விழுந்திருந்தால், நூற்றுக்கு 42 வாக்குப் பெற்ற கட்சி மூன்றையும் எடுத்துச் செல்ல இடமுண்டு. மீதி 58 பேரின் வாக்குகள் பெட்டியோடு முடிந்திருக்கும். 2004 ஐப் பார்த்தாலும் இதே நியாயம் தெரியும்: தமிழரசுக் கட்சி 68,955, முஸ்லிம் காங்கிரஸ் 65,187, ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி 31,053, ஆசனங்கள் 2, 1, 1. 2004 இலிருந்து, சமாதான காலத்துத் தேர்தலானாலும், போருக்குப் பிந்திய தேர்தலானாலும், பெரும் அலை அடித்த தேர்தலானாலும், மாவட்டத்தின் பெரிய நீரோட்டங்களில் ஒன்றுகூட வெளியே தள்ளப்படவில்லை.

இந்த முறையில் குறையில்லை என்று நான் வாதாட வரவில்லை. போனஸ் ஆசனத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. திருகோணமலையில் 2004, 2010, 2015, 2020, 2024 ஆகிய ஐந்து தேர்தல்களின் எண்களையும் போனஸ் இல்லாமல், நேராக 4 ஆல் வகுத்துப் பார்த்தால் ஐந்திலும் அதே முடிவுதான் வருகிறது. இங்கே அது வெறும் அலங்காரம். யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. 2024 இல் அங்கே தேசிய மக்கள் சக்தி நூற்றுக்கு 25 வாக்கைக்கூட எட்டாமல் 6 ஆசனங்களில் 3 ஐப் பெற்றது. போனஸை நீக்கிக் கணக்கிட்டால் அது 2 ஆகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், போனஸ் என்பது விகிதாசாரத்துக்குள் நுழைக்கப்பட்ட தொகுதி முறையின் துண்டு: முதலில் வந்தவனுக்கு உரியதற்கு மேல் கொடு என்ற அதே கொள்கை. நோய் அந்தத் துண்டில் இருக்கும்போது, அதை உடல் முழுவதும் பரப்புவதை மருந்தென்று சொல்கிறார்கள்.

பலமான அரசாங்கம் வேண்டாமா என்று கேட்பார்கள். விகிதாசாரத்தில் பெரும்பான்மை கிடைக்காது என்பதை எண்களே மறுக்கின்றன. 2010 இல் 144, 2020 இல் 145, 2024 இல் 225 க்கு 159. மக்களில் நூற்றுக்கு 60 பேர் அளவில் ஒரு பக்கம் சாய்ந்தபோது மூன்றில் இரண்டு பங்கும் அதை ஒட்டிய பலமும் கிடைத்தே இருக்கின்றன. 2024 இல் 22 மாவட்டங்களில் 21 இல் ஒரே கட்சி முதலிடம். தொகுதி முறையாயின் அந்தச் சபையில் எதிர்க்கட்சி வரிசை ஏறத்தாழ காலியாகவே இருந்திருக்கும். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பலமான அரசாங்கங்கள் என்ன செய்தன? ஆறில் ஐந்து பங்கு கையிலிருந்த 1977 சபை, 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பை நடத்தித் தன் ஆயுளைத் தானே ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. அந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான் 1983 ஜூலைக் கலவரம் வந்தது, ஆறாவது திருத்தம் வந்தது, சம்பந்தன் உட்பட தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். 2020 சபையும் பலத்துக்குக் குறைவில்லாதது; இருபதாவது திருத்தத்தை இரண்டே மாதங்களில் நிறைவேற்றியது; இரண்டாண்டு கழியுமுன் நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் தெருவில் வரிசையில் நின்றது. ஆசன எண்ணிக்கை ஓர் அரசாங்கத்துக்குத் தடையில்லாமல் ஓட வழி கொடுக்கும். எங்கே ஓடுகிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

தமிழர் மத்தியிலேயே ஒரு மறுப்பு உண்டு. மூத்தவர்களிடம் அதை அதிகம் கேட்கலாம். தொகுதி முறையில்தானே 1977 இல் 18 ஆசனங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார், அந்த உயரத்தை விகிதாசாரம் தந்ததா என்று கேட்கிறார்கள். தந்தது. 2015 இல் 16 ஆசனங்களோடு சம்பந்தன் அதே நாற்காலியில் அமர்ந்தார். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. 1977 இல் அந்தப் பதவி, பிரதான எதிர்க்கட்சி வாக்குக்கு ஏற்ற ஆசனம் பெறாமல் நசுக்கப்பட்டதால் வந்தது. 140 பேருக்கு எதிரே 18 பேர் எழுப்பிய குரலுக்குச் சட்டமாகும் வலு ஒருநாளும் இருக்கவில்லை. வடக்கில் செறிந்து வாழும் தமிழருக்குத் தொகுதி முறை எண்ணிக்கையில் சாதகமாகவும் இருக்கலாம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தின் கணக்கை வைத்துத் திருகோணமலைக்கும் அம்பாறைக்கும் தீர்ப்பெழுதினால், கிழக்கில் சிதறி வாழ்பவர்கள் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு 12.5 இலிருந்து 5 ஆகக் குறைக்கும்படி 1988 இல் பிரேமதாசாவிடம் கேட்டு வாங்கியவர் கிழக்கைச் சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரஃப் என்பது தற்செயலாக நடந்ததில்லை. சிதறி வாழும் மக்களின் அரசியல் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

மக்களுக்கும் எம்.பி.க்கும் உள்ள உறவு அறுந்துவிட்டது என்ற குறையை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். அதைச் சொல்லும் பலர் உண்மையான கவலையோடு சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொற்காலத்து உறவு எத்தகையது? 1977 க்குப் பின் வேலை வங்கித் திட்டம் என்று ஒன்று வந்தது. அரச வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் எம்.பி.க்களின் கையால் விநியோகிக்கப்பட்டன. அவர் கட்சிக்காரனாக இருந்தால் படிவம், இல்லாவிட்டால் வெறுங்கை. தொகுதிக்கு ஒரு கதவுதான் என்றால், அந்தக் கதவு உன் இனத்துக்கோ உன் கட்சிக்கோ மூடியிருந்தால் தட்ட வேறு கதவில்லை. குச்சவெளியில் கரைவலைப் பாட்டு உரிமைக்காக அலையும் ஒருவர் இன்று மாவட்டத்தின் நான்கு உறுப்பினர்களில் எவரிடமும் போகலாம்; ஆளுங்கட்சிக்காரர் கைவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் சபையில் கேள்வி கேட்பார்; தமிழில் எழுதிய மனுவைத் தமிழில் வாசிக்கும் ஒருவராவது இருப்பார். இன்னொன்று, இந்த மாவட்டத்தின் பெரிய கேள்விகள் தொகுதி எல்லைக்குள் அடங்குவன அல்ல. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளை யார் எத்தனை ஆண்டுக்கு வைத்திருப்பது, துறைமுகத்தை எப்படிப் பயன்படுத்துவது, புல்மோட்டை இல்மனைற்றின் வருமானம் எங்கே போவது, தொல்பொருளின் பெயராலும் வனத்தின் பெயராலும் அடைக்கப்படும் காணிகள் யாருடையவை: இவற்றுக்கு மாவட்டம் முழுவதற்கும் பொறுப்புச் சொல்லும் சட்டவாக்குநர்கள் வேண்டும். மதகு கட்டுவதற்கும் ஒழுங்கைக்கு விளக்குப் போடுவதற்கும் பிரதேச சபை இருக்கிறது. அந்த வேலையைப் பாராளுமன்ற உறுப்பினரின் தலையில் கட்டிவிட்டு, அவர் சட்டம் படிப்பதில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை.

போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் வாக்கை நிலத்துண்டோடு கட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. 2006 இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று, பிறகு அனல் மின் நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. திரும்பக் குடியேற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. ஓர் ஊர் வெறுமையானால் அந்தத் தொகுதியின் பெரும்பான்மையே மாறும். மாவட்டமே அலகாக இருக்கும்போது, அகதி முகாமிலிருந்தாலும் உறவினர் வீட்டிலிருந்தாலும் மாவட்டத்துக்குள் அளிக்கப்படும் வாக்கின் மதிப்புக் குறைவதில்லை. ஆளை ஊரிலிருந்து கிளப்பித் தேர்தலை வெல்லலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கும் முறையை, இத்தனைக்கும் பிறகு இங்கே கொண்டுவரக் கூடாது.

விருப்பு வாக்கைப் பற்றிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் உண்மை. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் கிழிக்கிறார்கள்; பணம் பாய்கிறது. ஆனால் விருப்பு வாக்கு வேறு, விகிதாசாரம் வேறு. 1978 அரசியலமைப்பு முதலில் வகுத்தது கட்சி வரிசைப்படுத்திய பட்டியலை. வாக்காளர் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பது 1988 இன் பதினான்காவது திருத்தத்தோடு வந்தது. விரும்பினால் அதை மட்டும் மாற்றலாம். அதுவும் இந்தப் பணப் பாய்ச்சல் பெரிய மாவட்டங்களின் நோய். திருகோணமலையில் ஒரு கட்சியின் பட்டியலில் 7 பேர்தான். ஒரு வேட்பாளர் மாவட்டம் முழுவதையும் காலால் நடந்து பார்க்க முடியாவிட்டாலும் மோட்டார் சைக்கிளில் பார்த்துவிடலாம். செலவைக் கட்டுப்படுத்த 2023 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதைப் பல்லோடு நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுப்பது நேரான வழி. தொகுதி முறையில் பணம் செல்லாது என்று நினைப்பவர்கள் இந்தியாவின் இடைத்தேர்தல்களை ஒருமுறை பார்க்கட்டும்.

கலப்பு முறை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது அடுத்த நம்பிக்கை. நியூசிலாந்து 1996 முதல் நடத்தும் கலப்பு முறையில் கட்சி வாக்கே மொத்த ஆசனத்தைத் தீர்மானிக்கிறது. தொகுதியில் குறைந்தவருக்குப் பட்டியலில் ஈடு கிடைக்கிறது. அப்படிப்பட்ட கலப்பை நான் எதிர்க்கமாட்டேன். 160 தொகுதிக்கு 65 பட்டியல் என்ற விகிதம் அதுவாகாது. தொகுதிகள் ஏற்படுத்தும் பெரிய சரிவை அந்தச் சிறிய எண்ணிக்கை ஈடுசெய்ய முடியாது. நம் நாட்டிலேயே செய்து பார்த்த பரீட்சைகளும் உண்டு. உள்ளூராட்சிக்கு 60க்கு 40 என்ற கலப்பு வந்தது. 2018 தேர்தலில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது, ஆனாலும் பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. மாகாண சபைக்கு 2017 இல் பாதிக்குப் பாதி என்று சட்டம் மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதிலிருந்து மாகாணம் ஆளுநரின் கையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. கோடு எங்கே போடுவது என்பதில் உடன்பட முடியாமல் தேர்தலே இல்லாமற் போனது. 160 பாராளுமன்றத் தொகுதிகளுக்கும் அதே கோட்டை வரைய உடன்பாடு வந்துவிடும் என்று எதை வைத்து நம்புவது?

விகிதாசாரம்தான் இனவாரியாக வாக்களிக்கத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டும் வரலாற்றோடு ஒட்டவில்லை. தனிச்சிங்களம் பேசி வென்ற 1956 தொகுதி முறைத் தேர்தல். தனிநாடு கேட்டு வென்ற 1977 உம் தொகுதி முறைத் தேர்தல்தான். மாறாக, மாவட்டம் முழுவதும் வாக்குக் கேட்க வேண்டியிருப்பதால் பெரிய கட்சிகள் திருகோணமலையில் மூன்று சமூகத்தவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கின்றன. அப்படிச் சேர்க்காத பட்டியலுக்கு இங்கே முதலிடம் கிடைப்பது கடினம்.

திருத்த வேண்டியது எங்கே என்று கேட்டால், 2000 ஆம் ஆண்டை நான் காட்டுவேன். அந்த ஆண்டு தமிழ் வாக்குகள் பல பட்டியல்களில் சிதறின. திருகோணமலையில் தமிழ்க் கட்சி எதற்கும் ஓர் ஆசனமும் இல்லை. மறு ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாவதற்கு அதுவும் ஒரு காரணம். கட்சிகள் சேர்ந்தால் சரி, பிரிந்தால் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வெளியே என்பது நல்ல முறைக்கு அழகில்லை; 4 ஆசன மாவட்டத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். இதற்கு மருந்து விகிதாசாரத்தைக் குறைப்பதில் இல்லை, கூட்டுவதில் இருக்கிறது. போனஸ் ஆசனத்தை நீக்க வேண்டும். தோற்றவர்களையும் பணக்காரர்களையும் ஏற்றும் வாகனமாகிவிட்ட 29 பேர் தேசியப் பட்டியலை மாகாணங்களுக்குப் பகிர வேண்டும். திருகோணமலையின் 4, மட்டக்களப்பின் 5, அம்பாறையின் 7 ஆகிய 16 ஆசனங்களும் இப்போதுபோல மாவட்டங்களிலேயே நிரப்பப்படட்டும். மூன்று மாவட்டங்களிலும் எவரையும் தெரிவுசெய்யாமல் மிஞ்சும் வாக்குகளைக் கிழக்கு மாகாண மட்டத்தில் ஒன்றாகத் திரட்டி, மாகாணத்துக்குக் கிடைக்கும் பட்டியல் ஆசனங்களை அந்த மிச்சத்துக்கு மட்டும் பகிர வேண்டும். அப்போது ஈச்சிலம்பற்றுத் தமிழரின் மிச்சமும் அம்பாறைத் தமிழரின் மிச்சமும், மட்டக்களப்பு முஸ்லிம்களின் மிச்சமும் தோப்பூர் முஸ்லிம்களின் மிச்சமும், கந்தளாய்ச் சிங்களவர் விரும்பும் சிறு கட்சி ஒன்றின் மிச்சமும் ஆளுக்கொரு பிரதிநிதியாகத் திரள வழியுண்டு. இதற்கு எவரும் வரைபடத்தில் புதிதாக ஒரு கோடும் போட வேண்டியதில்லை.